முப்புரி கண்ட பேரறிஞர்

தென்பாண்டி நாட்டின் மேற்கெல்லையாக நிமிர்ந்து நிற்பது குற்றால மலை. மூன்று கொடுமுடிகளை உடைமையால் அதனைத் திரிகூடம் என்று நம் முன்னோர் வழங்கினர். ஆனி, ஆடித் திங்களில் மேலைக் காற்று செங்கோட்டைக் கணவாயின் வழியே தவழ்ந்து வந்து தென்காசி நகரெங்கும் குளிர் பரப்பும். சாரல் பூந்தூறலாய்ப் பொழியும். பேரருவியும் ஐந்தருவியும் பழைய அருவியும் ஆர்ப்பரித்து வீழும். பாறையில் மோதிச் சிதறும் நீர்த்திவலைகள் புகைபோல எழும். அவற்றிற் கதிரவன் ஒளி படுங்கால் வானவில் தோன்றும். இரவிலோ, மென்முகில் திங்களின் முன்னே தவழ்ந்து செல்லும்போது, அதனைச் சூழ்ந்து வண்ண வளையங்கள் சில நேரங்களில் காணப்படும்.

இக்காட்சிகளைக் கண்டு மகிழ்வோர் பலர். மகிழ்ச்சியோடு அமையாது, அவ்வளையங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்று ஆராய்வோர் மிகச் சிலர். நுண்ணிய நீர்த்துளிகளின் விளிம்பில் ஒளியலைகள் வளைந்து பரவுவதால் அவ்வளையங்கள் உண்டாகின்றன. துளி சிறிதாயின் வளையம் பெரிதாகும்; துளி பெரிதாயின் வளையம் சிறிதாகும். எனவே, வளையத்தை அளந்தால், கைக்கெட்டாத முகிலில் உள்ள துளியையும் அளந்தவர் ஆவோம். கண்ணுக்குப் புலப்படும் கோலத்திலிருந்து புலப்படாத பொருளின் வடிவை உய்த்துணரும் இவ்வழியைத் தம் இருபதாம் அகவையை ஒட்டிய இளமையிலேயே பற்றி, வாழ்நாள் முழுவதும் அதனை விடாது சென்று, உயிர்ப்பொருள்களின் உள்ளமைப்பையே உலகிற்குக் காட்டிய அறிஞர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜி. என். இராமச்சந்திரன்.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8 ஆம் நாள், அந்நாளில் கொச்சி அரசைச் சேர்ந்திருந்த எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர். தாயார் இலட்சுமி அம்மாள். அவர் பெயரின் முன்னெழுத்துகளுள் முதலது கோபாலசமுத்திரம் என்னும் ஊர்ப் பெயரைக் குறிக்கும். அப்பெயரைக் கேட்ட அளவில், நெல்லைச் சீமையில் பொருநை பாயும் கோபாலசமுத்திரம் நம் நினைவிற்கு வருதல் இயல்பு.

தந்தையார் எர்ணாகுளம் மகாராசாக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கி, பின்னர் அதன் முதல்வராகவும் உயர்ந்தவர். ஆதலின், கணிதம் இராமச்சந்திரனுக்கு வீட்டிலேயே ஊட்டப்பட்ட உணவாயிற்று. பள்ளிப் படிப்பை எர்ணாகுளத்தில் முடித்த பின், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் சேர்ந்து இயற்பியல் பயின்றார். 1942 ஆம் ஆண்டில் சிறப்புப் பட்டத் தேர்வில் சென்னை மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார்.

ஆசானும் மாணாக்கரும்

அதே ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலும் நோக்கத்துடன் அவர் சேர்ந்தார். ஆங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தவர், 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற சர் சி. வி. இராமன். மாணிக்கத்தின் இயல்பை மணி நோட்டக்காரன் பார்த்த அளவில் அறிவான் அன்றோ? இவ்விளைஞரின் அறிவுக் கூர்மையைக் கண்ட இராமன், அவரைத் தம் துறைக்கே மாற்றிக் கொண்டார். அன்று மின்பொறியியல் ஒரு மாணவரை இழந்தது. இயற்பியல் ஒரு பேரறிஞரைப் பெற்றது.

முகிலினூடே தோன்றும் ஒளிவளையங்களைப் பற்றி 1943 இல் ஆராய்ந்து எழுதிய இராமச்சந்திரன், பின்னர் வைரம் முதலிய படிகங்களின்பால் தம் கருத்தைச் செலுத்தினார். படிகம் என்பது யாது? கற்கண்டும் உப்பும் நாம் நாள்தோறும் காணும் படிகங்களே. கோயிற் பிராகாரத்தில் தூண்கள் ஒரே இடைவெளியில் வரிசை வரிசையாக நிற்றல்போல, படிகத்தினுள் அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. அணுக்களின் இடைவெளி மிக நுண்ணியது. காணும் ஒளியின் அலை அதனை அளத்தற்கு மிகப் பெரிது. எக்ஸ் கதிரின் அலையோ அவ்விடைவெளிக்கு ஒத்த சிறுமையுடையது. படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அக்கதிர் பல திசைகளிற் சிதறி ஒளிப்படத் தகட்டிற் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் அளந்து கணக்கிட்டால், உள்ளே அணுக்கள் நின்ற நிலை தெரியவரும். நீர்த்துளியின் அளவை வளையம் காட்டியதுபோல, அணுவின் இருக்கையைப் புள்ளி காட்டும்.

1947 இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் அறிவியற் பேரறிஞர்ப் பட்டம் பெற்றார் இராமச்சந்திரன். பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் நகரின் புகழ்வாய்ந்த கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஈராண்டுகள் தங்கி, 1949 இல் மற்றுமொரு முனைவர்ப் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

சென்னையில் ஆய்வுக்கூடம்

சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், அங்கே இயற்பியல் துறையொன்றைச் சிறப்புற நிறுவ விரும்பினார். அதன் தலைமைக்கு இராமனை அவர் நாடியபோது, இராமன் தம் மாணாக்கராகிய இராமச்சந்திரனையே சுட்டினார். இவ்வாறு 1952 இல், ஏறத்தாழ முப்பது வயதிற்குள், இராமச்சந்திரன் பேராசிரியரும் துறைத் தலைவரும் ஆனார். பெருநகரங்களின் செல்வமிக்க ஆய்வகங்களோடு ஒப்பிட்டால், சென்னையில் அவருக்குக் கிடைத்த கருவிகள் சிலவே. ஆயினும் கருவியின் குறையைக் கருத்தின் நிறைவால் ஈடு செய்யலாம் என்பதை அவர் மெய்ப்பித்தார்.

அவ்வாண்டில் ஆங்கிலப் படிகவியல் அறிஞர் பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் செவ்வையாக அறியப்படவில்லை என்பதை அவர் உரையாடலின் இடையே எடுத்துரைத்தார். அச்சொல் இராமச்சந்திரனின் உள்ளத்தில் வித்தாய் விழுந்தது.

தோல், எலும்பு, தசைநார், குருத்தெலும்பு ஆகியவற்றிற்கு உறுதி அளிப்பது கொலாஜன். விலங்குகளின் உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதம் அதுவே. எல்லாப் புரதங்களும் அமினோ அமிலம் என்னும் சிறு கூறுகள் மாலையிற் பூக்கள்போல வரிசையாகத் தொடுக்கப்பட்டு உருவாகின்றன. அம்மாலை எவ்வாறு முறுக்குண்டு கிடக்கின்றது என்பதே வினா. அமெரிக்கப் பேரறிஞர் பாலிங் என்பார் 1951 இல் புரதங்கள் பலவற்றிற் காணப்படும் ஒற்றைச் சுருளின் வடிவைச் சரியாகக் கண்டறிந்தவர். அவரும் அவர்தம் துணைவரும் கொலாஜனுக்குக் கூறிய வடிவமோ பொருந்தவில்லை. அத்தகைய அரிய புதிரையே சென்னை இளைஞர் கையில் எடுத்தார்.

முப்புரிச் சுருள்

இராமச்சந்திரனுக்கு உற்ற துணையாக வாய்த்தவர் கோபிநாத் கர்த்தா என்னும் ஆய்வாளர். கங்காருவின் வால் தசைநாரில் உள்ள கொலாஜனை எக்ஸ் கதிரால் படம் பிடித்து, அப்படங்களை இருவரும் நுணுகி ஆராய்ந்தனர். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது முன்னரே அறியப்பட்ட செய்தி. அமினோ அமிலங்கள் அனைத்தினும் மிகச் சிறியது கிளைசின். மூன்றில் ஒன்று என்னும் அவ்வெண், பூட்டைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

நம் ஊர்களில் தேங்காய் நாரைத் திரித்துக் கயிறு முறுக்குவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். தனித்தனியே திரித்த மூன்று புரிகளை ஒன்றாக்கி, அவற்றை எதிர்ப்புறமாக முறுக்குவர். ஒரு புரி இடமாக அவிழ முயன்றால், கயிற்றின் முறுக்கு வலமாக அதனைத் தடுக்கும். ஆதலின் கயிறு அவிழாது, இழுத்தாலும் அறாது. கொலாஜனின் அமைப்பும் அத்தகையதே என்று இராமச்சந்திரனும் கர்த்தாவும் கண்டனர். மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. ஒவ்வோர் இழையும் இடப்புறமாகச் சுருண்டது. மூன்றும் சேர்ந்த தொகுதியோ வலப்புறமாக முறுக்குண்டது. மூன்று இழைகளும் நெருங்கும் நடு அச்சில் இடம் மிகக் குறைவு. அவ்விடுக்கில் அடங்கவல்லது கிளைசின் ஒன்றே. எனவேதான் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் தவறாது வருகின்றது.

மூன்று இழைகள் அருகருகே நிற்கும் வடிவத்தை 1954 ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் ஆங்கில இதழில் அவர்கள் வெளியிட்டனர். 1955 இல் அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்ட நிலையையும் சேர்த்துத் திருத்தமாக வெளியிட்டனர். இயற்கை பன்னெடுங்காலமாகத் திரித்து வந்த கயிற்றின் முறுக்கு, சென்னைக் கிண்டியில் இருந்த ஒரு சிறு ஆய்வகத்தில் முதன்முதலாக வெளிப்பட்டது.

குறை கூறலும் குணங் கோடலும்

புகழ் வரும் வழியிலேயே இடரும் வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த பிரான்சிஸ் கிரிக் என்பாரும் அவருடன் பணியாற்றிய அமெரிக்கராகிய அலெக்சாண்டர் ரிச் என்பாரும் 1955 இன் இறுதியில் கொலாஜனைப் பற்றித் தம் கட்டுரையை வெளியிட்டனர். மூன்று இழைச் சுருள் என்னும் அடிப்படையை அவர்களும் ஏற்றனர். ஆயின், இராமச்சந்திரன் அமைத்த வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவு கடந்து நெருங்கி நிற்பதாகவும், அத்துணை நெருக்கம் இயற்கையில் இயலாது என்றும் அவர்கள் குறை கூறினர். இழைகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, மும்மூன்று கூறுகளுக்கு இரண்டு என்றார் இராமச்சந்திரன். ஒன்றே என்றனர் அவர்கள். கிரிக்கோ 1953 இல் டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டு உலகப் புகழ் எய்தியவர். அவர்தம் சொல்லுக்கு இருந்த மதிப்பு பெரிது. ஆகவே, முதலிற் கண்டவருக்கு உரிய புகழ் உடனே வந்து சேரவில்லை. வெளிநாட்டு நூல்கள் பலவற்றில் அப்பெருமை பிறர்க்கே மிகுதியும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இத்தகைய நிலையில் மனிதர் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, சினங்கொண்டு பூசலிடுதல். மற்றொன்று, குறை மெய்யோ அன்றோ என்று தாமே ஆராய்தல். இவ்விடத்தில் தென்காசிப் பெருங்கோயிலை நினைவு கூர்தல் தகும். 15 ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். தான் எடுத்த கோயில் என்றும் குறையின்றி நிற்கும் என்று அவன் செருக்குக் கொள்ளவில்லை. பிற்காலத்தில் இதற்கு ஊறு நேருமாயின், அதனைச் செப்பஞ் செய்வார் யாவராயினும் அவர்தம் அடிகளைத் தான் வணங்குவதாகக் கல்லிற் பொறித்து வைத்தான். தன் பணியிற் குறை வரக்கூடும் என்று எண்ணுவதற்கும், அக்குறையைத் தீர்ப்பாரைப் பகைவர் என்னாது பெரியோர் எனப் போற்றுவதற்கும் எத்துணைப் பரந்த உள்ளம் வேண்டும்!

இராமச்சந்திரனின் உள்ளம் புண்பட்டது உண்மை. எனினும் அவர் ஆராய்ச்சியையே விடையாகக் கொண்டார். அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம்? இவ்வினாவிற்கு விடையை எதிர்த்தவர்களிடமும் கேட்கவில்லை. தம் விருப்பத்திற்கேற்ப வகுத்துக் கொள்ளவும் இல்லை. அதுவரை உலகெங்கும் ஆராய்ந்து வெளியிடப்பட்டிருந்த படிகங்களின் அமைப்புகளை எல்லாம் திரட்டி, அவற்றில் அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவுகளை ஒவ்வொன்றாகத் தொகுத்தார். சி. இராமகிருட்டிணன், வி. சசிசேகரன் ஆகிய மாணாக்கர் இருவரும் இப்பணியில் அவருடன் நின்றனர். கணிப்பொறிகள் மிக அரியவாயிருந்த அக்காலத்தில் அவர்கள் செய்த கணக்குகளின் பெருக்கம் வியப்பிற்குரியது.

இராமச்சந்திரன் வரைபடம்

இவ்வாராய்ச்சி கொலாஜனோடு நிற்கவில்லை. புரதங்கள் அனைத்திற்கும் பொருந்தும் பொதுவிதி ஒன்றைக் கொணர்ந்தது. அமினோ அமிலம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கார்பன் அணு உண்டு. அதன் இருபுறத்தும் பலகைபோன்ற தட்டையான அணுத்தொகுதிகள் உள்ளன. பலகைகள் வளையா, நடு அணுவோடு தாம் இணைந்த இடத்தில் சுழலவல்லன. ஒரே தூணின் இருபுறத்தும் கீல் கொண்டு மாட்டிய இரு கதவுகளை எண்ணிக் கொள்ளுங்கள். இரண்டும் தத்தம் விருப்பம்போல் திரும்ப இயலுமோ? சில நிலைகளில் ஒன்றோடொன்று இடித்துக் கொள்ளும். சில நிலைகளிலேயே தடையின்றி நிற்கும். குற்றாலத்து அருவியின்கீழ் நெருங்கி நிற்போர் ஓரளவிற்குமேல் நெருங்க இயலாமைபோல, அணுக்களும் தமக்குரிய இடத்தைப் பிறவற்றிற்கு விட்டுக் கொடுப்பதில்லை.

இரு கதவுகளும் திரும்பும் கோணங்கள் இரண்டு. அவற்றை ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளாற் குறிப்பர். ஒன்றைக் கிடைக்கோட்டிலும் மற்றொன்றைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து ஒரு சதுரம் வரைந்தால், புரதத்தின் ஒவ்வொரு நிலையும் அச்சதுரத்தில் ஒரு புள்ளியாகும். அணுக்கள் இடித்துக் கொள்ளும் நிலைகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, சதுரத்தின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. சிறுசிறு தீவுகள்போலச் சில இடங்களே எஞ்சின. பாலிங் கண்ட சுருளும், கொலாஜன் இழையும், பிற வடிவங்களும் அத்தீவுகளுள்ளேயே அமைந்திருந்தன. சிறிய உருவுடைய கிளைசினுக்கு மட்டும் பிறவற்றினும் மிகுந்த உரிமை இருந்தது.

இம்முடிவு 1963 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அறிஞர் உலகம் அதற்கு இராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயரிட்டது. இன்று உலகின் எம்மூலையில் ஒரு புரதத்தின் வடிவம் புதிதாகக் கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக இவ்வரைபடம் பயன்படுகின்றது. கணிப்பொறியின் செயற்கை நுண்ணறிவு வகுத்துக் காட்டும் வடிவங்களும் இவ்வுரைகல்லில் உரைக்கப்படுகின்றன. அணுக்கள் நெருங்குகின்றன என்று பிறர் கூறிய குறையே, அணுக்கள் நெருங்கும் எல்லையை உலகிற்கு வகுத்துக் கொடுத்தது. நஞ்சையும் அமுதாக்கும் ஆற்றல் இதுவேயன்றோ?

கொலாஜன் வழக்கின் தீர்ப்பு யாது என்று நீங்கள் கேட்கலாம். 1994 இல் கொலாஜனை ஒத்த ஒரு சிறு புரதத்தின் படிகத்தை அமெரிக்க அறிஞர்கள் அணுவணுவாக ஆராய்ந்தனர். மூன்று இழைகளும் முறுக்குண்ட சுருளே மெய்யாயிற்று. நேரான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பதும், சுருளைச் சூழ்ந்த நீர்மூலக்கூறுகளும் இழைகளைப் பிணைத்து நிற்கின்றன என்பதும் புலனாயின. பிணைப்பின் எண்ணிக்கையில் கிரிக், ரிச் ஆகியோர் கூற்று நின்றது. முப்புரி என்னும் அடிப்படையில் இராமச்சந்திரன் கண்டது நின்றது. நீரின் துணையாற் பிணைப்பு அமைதல் கூடும் என்பதையும் 1968 இலேயே அவர் எடுத்துக் காட்டியிருந்தார். உண்மை ஒருவருக்கே முழுவதும் உரிமையாவதில்லை.

மரபுப் பொருளின் இருபுரி

கொலாஜன் முப்புரி என்றால், டி.என்.ஏ. இருபுரியாகும். பெற்றோரின் இயல்பு மக்களிடத்துத் தோன்றுதற்குக் காரணமாகிய நியூக்கிளிக் அமிலம் அது. ரோசலிண்டு பிராங்ளின் முதலியோர் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையுடன், வாட்சன், கிரிக் என்னும் இருவர் 1953 இல் அதன் வடிவை வகுத்தனர். இரு புரிகளிலும் நால்வகைக் காரங்கள் எழுத்துகள்போல வரிசையாக உள்ளன. ஒரு புரியில் அடினைன் நின்றால், எதிரே தைமின் நிற்கும். குவானைன் நின்றால் சைட்டோசின் நிற்கும். முன்னதன் இணை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், பின்னதன் இணை மூன்று பிணைப்புகளாலும் கட்டுண்டவை. செய்யுளில் முதலடியின் எதுகையைக் கண்டால் அடுத்த அடியின் எதுகையை உய்த்துணரலாம் அன்றோ? அதுபோல, ஒரு புரியை அறிந்தால் மறு புரியை எழுதிவிடலாம்.

உயிரணு தன் புரதங்களை ஆக்கும்போது, டி.என்.ஏ.யின் ஒரு புரியைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்னும் மற்றொரு நியூக்கிளிக் அமிலம் படியெடுக்கப்படுகின்றது. அதில் தைமினுக்கு ஈடாக யூராசில் வரும். படியெடுக்கும் வேளையில் ஒரு புரி டி.என்.ஏ.யாகவும் மறு புரி ஆர்.என்.ஏ.யாகவும் அமைந்த கலப்புச் சுருள் சிறிது நேரம் தோன்றுகின்றது. மணியும் பவளமும் ஒருங்கு கோத்த மாலைபோன்றது அது. அத்தகைய கலப்புச் சுருள் உருவாகும் என்பதை 1960 இல் மெய்ப்பித்தவர், கொலாஜனில் இராமச்சந்திரனோடு மாறுபட்ட அதே அலெக்சாண்டர் ரிச் ஆவார். 1982 இல் அவர்தம் குழுவினர் கலப்புச் சுருள் ஒன்றின் படிகத்தையும் ஆராய்ந்து, காரங்கள் முறைப்படி இணைந்து நிற்பதையும், சுருளின் வடிவம் ஆர்.என்.ஏ.யின் சுருளையே பெரிதும் ஒத்திருப்பதையும் கண்டனர்.

இத்துறைக்குச் சென்னையும் பெங்களூரும் அளித்த பங்கு சிறிதன்று. புரதத்திற்கு வகுத்த கோணக் கணக்கை நியூக்கிளிக் அமிலங்களுக்கும் விரித்து, 1960களின் பிற்பகுதியில் இராமச்சந்திரனும் சசிசேகரனும் இலட்சுமிநாராயணன் என்னும் மாணாக்கரும் ஆராய்ந்தனர். 1978 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விசுவமித்திரா என்னும் படிகவியலார், கேம்பிரிட்ஜ் அறிஞர்களுடன் சேர்ந்து, நான்கே எழுத்துகள் கொண்ட சிறு டி.என்.ஏ. துண்டொன்றின் படிகத்தில் அடினைனும் தைமினும் இணைந்து நின்ற காட்சியை அணுவளவு தெளிவாகக் கண்டறிந்தார்.

பிற்காலப் பணிகள்

இராமச்சந்திரன் 1963 இலும் 1967 இலும் சென்னையில் உலக அறிஞர் மாநாடுகளைக் கூட்டினார். அறிவைத் தேடி நம்மவர் கடல் கடந்த நிலை மாறி, உலக அறிஞர் சென்னையை நாடி வந்தனர். 1970 ஐ ஒட்டிச் சென்னைப் பணியை நீங்கிய அவர், பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கென ஒரு தனித்துறையை நிறுவினார்.

1971 இல் அவரும் இலட்சுமிநாராயணனும் வெளியிட்ட மற்றொரு கணக்குமுறையும் மக்களுக்குப் பெரும்பயன் விளைத்தது. பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களைச் சேர்த்து, ஒரு பொருளின் உள்வடிவை விரைவாகவும் எளிதாகவும் மீட்டமைக்கும் வழி அது. இன்று தென்காசி போன்ற நகரங்களிலும் நோயாளியின் உடலைக் கீறாமலே உள்ளுறுப்பைக் காட்டும் சி.டி. ஸ்கேன் என்னும் பொறி நமக்குப் பழகிய ஒன்றாகிவிட்டது. அத்தகைய பொறிகளின் கணக்கிற்கு இம்முறை அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

இசையில் ஈடுபாடும் தத்துவத்தில் நாட்டமும் உடையவர் இராமச்சந்திரன். தம் முதுமையில் இந்திய அளவை நூற்கருத்துகளைக் கணிதக் குறியீட்டால் விளக்க முற்பட்டு, சியாத் நியாயம் என்னும் பெயரில் ஒரு முறையை வகுத்தார். 1961 இல் பட்நாகர்ப் பரிசும், 1977 இல் இலண்டன் வேந்தர் கழகத்தின் உறுப்பினர்ச் சிறப்பும், 1999 இல் உலகப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசும் அவரை வந்தடைந்தன. நோபல் பரிசு வரவில்லை. அதனால் அவர் வரைபடத்தின் பயன் ஒரு சிறிதும் குறைந்திலது.

இறுதி ஆண்டுகள் துன்பம் மிக்கவை. 1945 இல் மணந்து, அரை நூற்றாண்டிற்கு மேல் உறுதுணையாய் வாழ்ந்த மனைவியார் இராசலட்சுமி 1998 இல் மறைந்தார். பக்கவாதமும் நடுக்கு நோயும் இராமச்சந்திரனின் உடலை வாட்டின. அணுக்களின் அசைவைக் கணித்த அறிஞர் தம் உடலின் அசைவை இழந்து, 2001 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7 ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பேரவைக் கூடம் முச்சுருள் அரங்கம் எனப் பெயர் தாங்கி, அவர் கண்ட உண்மையை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! பராக்கிரம பாண்டியன் எடுத்த கோயிலின் கோபுரம் காலப்போக்கிற் சிதைந்து, நெடுநாள் குறையுடன் நின்றது. பின்வந்தோர் அதனை மீள எழுப்பி, 1990 இல் குடமுழுக்குச் செய்தனர். இன்று தென்காசிக்கு வருவோர் தொலைவிலிருந்தே கண்டு தொழுவது அக்கோபுரத்தையே. தொடங்கியவனின் பெயரும் நின்றது. செப்பஞ் செய்தோர் பணியும் நின்றது.

அறிவியலும் அத்தகைய கோயிலே. ஒருவர் அடித்தளம் இடுவர். மற்றொருவர் குறை காண்பர். வேறொருவர் அதனை நிறைவு செய்வர். பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்ததும், குறையை எடுத்துக் காட்டுவார் இல்லாத வாழ்வு கெடும் என்பதனாலன்றோ? தம்மைக் குறை கூறியவரிடம் பகை கொள்ளாது, அக்குறையைக் கொண்டே புதியதோர் உண்மையைக் கண்ட இராமச்சந்திரனின் வாழ்வு நமக்கு ஒரு நல்லாசான். இனி நீங்கள் எழுதிய விடையில் ஆசிரியர் பிழை காட்டும்போது முகம் சுளியாதீர்கள்; அப்பிழை எங்கிருந்து வந்தது என்று தேடிச் செல்லுங்கள். அடுத்த முறை சாரற் காலத்தில் குற்றாலம் செல்லும்போது, அருவியின் குறுக்கே தோன்றும் வானவில்லையும் கரையில் கிடக்கும் முப்புரிக் கயிற்றையும் சற்றே நின்று நோக்குங்கள். எளிய பொருளில் அரிய உண்மை ஒளிந்திருக்கும்; அதனைக் காணும் கண் உங்களுள் யாருக்கும் வாய்க்கலாம்.